பால் வாங்கப் போன ஞாயிற்றுக்கிழமை

நேயர்களுக்கு என் அன்பான வணக்கம்.

சென்னை குரோம்பேட்டையில் எங்கள் தெருமுனையில் ஓர் அண்ணாச்சி கடை. விடியற்காலை ஐந்தரைக்குத் திறந்தால் இரவு பத்தரைக்குத்தான் ஷட்டர் இறங்கும். தோசை வார்க்கும்போது எண்ணெய் தீர்ந்தால் அடுப்பைத் தணித்துவிட்டு ஓடிப்போய் வாங்கி வருவோம். அந்தப் பழக்கத்தோடுதான் கணவர், இரண்டு வயது மகளோடு ஜெர்மனியின் மியூனிக் நகரத்துக்குக் குடிபோனேன்.

போய் இறங்கியது சனிக்கிழமை இரவு. மறுநாள் காலை பால் வாங்கப் பையோடு கிளம்பினேன். முதல் கடை பூட்டிக் கிடந்தது. இரண்டாவதும் அப்படியே. கண்ணாடி வழியாகப் பார்த்தால் உள்ளே பால் பெட்டிகள் அடுக்கடுக்காக இருக்கின்றன. எடுத்துத் தர ஆளில்லை. வெறுங்கையோடு திரும்பியபோது, மாடிப்படியில் எதிரே வந்த பக்கத்து வீட்டு அம்மா, குழந்தை அழும் சத்தம் கேட்டு ஒரு லிட்டர் பாலைக் கொண்டுவந்து கொடுத்தார். பெரிய ரயில் நிலையத்தில் சில கடைகளும், காலையில் சில மணி நேரம் பேக்கரிகளும் மட்டும்தான் இன்று இருக்கும் என்று அவர்தான் சொன்னார்.

அங்கே ஞாயிற்றுக்கிழமை ஓய்வு அரசியல் சட்டத்திலேயே இருக்கிறது. வைமார் அரசியல் சட்டம் என்ற பழைய சட்டத்தில் 1919-ஆம் ஆண்டு எழுதிய வரியை, இன்றைய அரசியல் சட்டமான 1949-ஆம் ஆண்டின் அடிப்படைச் சட்டத்திலும் அப்படியே சேர்த்துக்கொண்டார்கள். கடை நேரத்தை மாநிலங்களே முடிவு செய்யலாம் என்று 2006-இல் வந்த பிறகும், மியூனிக் இருக்கும் பவேரியாவில் மற்ற நாட்களில் இரவு 8 மணியோடு கடையைச் சாத்திவிடுகிறார்கள். ஈஸ்டர் சமயத்தில் வெள்ளி, ஞாயிறு, திங்கள் மூன்று நாளும் கடை கிடையாது. அதனால் வியாழன் மாலை கூட்டம் நம் தீபாவளிக்கு முந்தைய நாள் மாதிரி இருக்கும். ஒரு வாரத்துக்கு என்ன வேண்டும் என்று சனிக்கிழமைக்குள் யோசித்து எழுதிவைக்க எனக்கு ஆறு மாதம் பிடித்தது.

பில் போடும் இடத்தில் வேறொரு பாடம். சாமான்களை நாமே கல்லாவை நோக்கி நகரும் பட்டையில் எடுத்து வைக்க வேண்டும்; நமக்குப் பின்னால் நிற்பவருடைய சாமானோடு கலக்காமல் நடுவில் ஒரு கட்டையை வைக்க வேண்டும். கல்லாவில் இருக்கும் பெண்மணி பால், முட்டைக்கோஸ், அரிசி என்று மின்னல் வேகத்தில் தள்ளுவார். பையில் போட்டுத்தர யாரும் வரமாட்டார்கள். கனமானதை முதலில் வைத்தால் பையின் அடிப்பக்கம் போகும், முட்டை கடைசி. தண்ணீர் பாட்டிலுக்கு 25 சென்ட் முன்பணம் சேர்த்து வாங்கிவிடுவார்கள். காலி பாட்டிலை இயந்திரத்தில் போட்டால் திரும்பக் கிடைக்கும். மகளுக்கு அது பிடித்த வேலையாகிவிட்டது.

என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது அந்தப் பெண்மணியின் நாற்காலி. அவர் உட்கார்ந்துகொண்டே வேலை செய்கிறார். தி.நகர் ஜவுளிக் கடைகளில் நாள் முழுக்க நின்றே புடவை விரித்துக் காட்டிய பெண்களின் வீங்கிய கால்கள் அப்போதுதான் எனக்கு நினைவுக்கு வந்தன. எத்தனை தடவை பார்த்திருக்கிறேன், ஒரு நாளும் கேட்டதில்லை. கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டிலும் 2021-இல் சட்டத் திருத்தம் வந்தது. கேட்டபோது மனம் நிறைந்தது.

அங்கே கிடைக்காதது கொசுறு. எல்லாம் கிராம் கணக்கு. அதற்காக நான் ஏங்கியது உண்மை.

போன விடுமுறைக்கு வந்தபோது அண்ணாச்சி கடைக்குப் போனேன். ஞாயிற்றுக்கிழமை இரவு ஒன்பது மணி இருக்கும். கடலைப்பருப்பைப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தவரிடம், "கடைசியா என்னைக்கு அண்ணாச்சி கடைக்கு லீவு விட்டீங்க?" என்று கேட்டேன். இந்தக் கேள்வியை இருபது வருடத்தில் நான் கேட்டதே இல்லை. நூலைச் சுற்றிய கை கொஞ்சம் நின்றது.

"எங்கம்மா தவறுனப்போ மூணு நாள் பூட்டுனேன்மா" என்றார். சொல்லிவிட்டு, ஒரு கொத்துக் கறிவேப்பிலையை ஒடித்து என் பையில் போட்டார்.

நன்றி, வணக்கம்.