ஞாயிற்றுக்கிழமை ம்யூனிக்ல என்ன பண்றது? (சந்தேகங்களுக்கு விளக்கம்)

வணக்கம். போன வாரம் ப்ளாக்டு அக்கவுன்ட் (ஸ்டூடன்ட் விசாவுக்காக முன்கூட்டியே பணம் போட்டு, மாசா மாசம் எடுக்கற கணக்கு) பத்திப் பேசினோம்ல, அதுக்குக் கீழ வந்த கேள்விகள்ல பாதி "மாசம் 992 யூரோ போதுமா"ங்கறதுதான். அதுக்குத் தனியா வர்றேன். ஒரு கேள்வி மட்டும் மனசை விட்டுப் போகவே இல்ல. அக்டோபர்ல ம்யூனிக் போற ஒரு தம்பி கேட்டிருக்காரு: "ஞாயிறு எல்லாக் கடையும் பூட்டிருவாங்களாமே அண்ணா, ரெண்டு நாளும் ரூம்ல உக்காந்து என்ன பண்றது?"

தம்பி, ரொம்ப அவசியமான கேள்வி. நம்ம வீடியோ தொடர்ந்து பாக்கறவங்களுக்கு நான் என்ன சொல்லுவேன்னு தெரியும். மறுபடியும் சொல்றேன்: ஜெர்மனில ஞாயிறுங்கறது சனிக்கிழமை சாயங்காலம் 8 மணிக்கே ஆரம்பிச்சிரும். ம்யூனிக் இருக்கற பவேரியா மாநிலத்துல சூப்பர்மார்க்கெட்டெல்லாம் 8 மணிக்குப் பூட்டுவாங்க. அதுக்கப்புறம் திங்கக்கிழமை காலையிலதான். இது கடைக்காரங்க சோம்பல் இல்ல. ஞாயிறு ஓய்வு நாள்னு ஜெர்மனியோட பழைய 1919 வைமார் அரசியல் சட்டத்துலயே எழுதினாங்க, 1949ல வந்த இப்போதைய சட்டமும் அந்த வரியை அப்படியே எடுத்துக்கிச்சு. அதனால மாத்தறது அவ்வளவு லேசு இல்ல.

ஞாயிறு அவசரம்னா மெயின் ஸ்டேஷன்லயும் ஓஸ்ட்பான்ஹோஃப்ங்கற கிழக்கு ஸ்டேஷன்லயும் சில கடை திறந்திருக்கும். கூட்டம் நெரியும். பேக்கரி காலையில கொஞ்ச நேரம் இருக்கும். மருந்துக்கு எந்தப் பக்கத்து மருந்துக்கடை வாசலுக்குப் போனாலும், இன்னிக்கு எந்தக் கடை முறைன்னு எழுதி ஒட்டியிருப்பாங்க. அந்த நேரத்துக்கு 2.50 யூரோ கூடுதல். உயிருக்கு ஆபத்து இல்லாத காய்ச்சல், வலின்னா 116117, ஆபத்துன்னா 112. இந்த ரெண்டு நம்பரையும் இப்பவே போன்ல ஏத்திக்கோங்க.

இதுல இந்த வருஷம் போறவங்களுக்கு ஒரு முக்கியமான விஷயம். 2026ல அக்டோபர் 3 சனிக்கிழமை வருது. அது ஜெர்மனி ஒண்ணு சேர்ந்த நாள், தேசிய விடுமுறை. நீங்க 2ஆம் தேதி வெள்ளிக்கிழமை ராத்திரி போய் இறங்கினீங்கன்னா சனி, ஞாயிறு ரெண்டு நாளும் கடை கிடையாது. கையில பெட்ஷீட் இல்ல, பாத்திரம் இல்ல, அரிசி இல்ல. பொதுவா ஸ்டூடன்ட் ஹாஸ்டல் ரூம்ல கட்டிலும் மெத்தையும் இருக்கும், தலகாணி நம்ம பொறுப்பு. அதனால ஒண்ணு வியாழக்கிழமையே இறங்கற மாதிரி டிக்கெட் போடுங்க, இல்ல ரெண்டு நாள் சாப்பாட்டை ஊர்லயே கட்டிக்கிட்டுப் போங்க. டிசம்பர்லயும் இதே கதைதான்: 25 வெள்ளி, 26 சனி, 27 ஞாயிறு, மூணு நாள் பூட்டு. 24ஆம் தேதி மத்தியானம் 2 மணியோட சரி.

சனிக்கிழமை கடைக்குப் போகும்போது காலி பாட்டிலை மறக்காதீங்க. வாங்கும்போது பாட்டிலுக்குன்னு தனியா கட்டின காசு, கடையில இருக்கற மெஷின்ல பாட்டிலைப் போட்டாத் திரும்ப வரும். தூக்கிப் போடற வகை பிளாஸ்டிக் பாட்டிலுக்கும் டின்னுக்கும் 25 சென்ட், பியர் பாட்டிலுக்கு 8 சென்ட், திரும்ப நிரப்பற தண்ணி பாட்டில் பெரும்பாலும் 15 சென்ட் திரும்பக் கிடைக்கும். நசுக்காதீங்க. பார்கோடை மெஷின் படிக்க முடியலைன்னா வெளிய தள்ளிரும். அடிப்பக்கம் உள்ள போற மாதிரி வைக்கணும். வர்ற சீட்டைக் கல்லாவுல குடுத்தாக் கழிச்சுக்குவாங்க. ஒயின், ஜாம் பாட்டிலுக்கெல்லாம் காசு கிடையாது, தெருவுல இருக்கற கண்ணாடித் தொட்டியில போடணும். ஆனா அதையும் ஞாயிறு போடக் கூடாது. கண்ணாடி உடையற சத்தம்!

சத்தம்னு சொன்னதும் மிக்ஸிக்கு வந்துருவோம். நம்ம பசங்க மாட்டிக்கிறது இங்கதான். ராத்திரி 10 மணிக்கு மேல அமைதி, ஞாயிறு முழு நாளும் அமைதி. 750 வாட் மிக்ஸியில ஞாயிறு காலையில உளுந்து அரைச்சா மூணு வீடு தள்ளிக் கேக்கும். மொதல்ல கதவு தட்டுவாங்க, அப்புறம் வீட்டு நிர்வாகத்துக்கு லெட்டர் போகும். அப்போ இட்லி? சனிக்கிழமை அரைக்கணும். பாத்தீங்களா, மறுபடியும் சனிக்கிழமைதான்.

முறையைச் சொல்றேன். இட்லி அரிசி தேடி அலையாதீங்க, இந்தியக் கடையில இட்லி ரவை வாங்குங்க. 1 கப் உளுந்துக்கு 2 கப் ரவை. மத்தியானம் 1 மணிக்கு உளுந்தை ஊறப் போட்டா 5 மணிக்கு அரைக்கலாம். உளுந்தை மட்டும் அரைச்சாப் போதும், மிக்ஸி ஓடற நேரமும் பாதியாகும். ஃப்ரிட்ஜ் தண்ணி ஊத்துங்க, ஒரு நிமிஷம் ஓட்டி ஒரு நிமிஷம் நிறுத்துங்க. மாவு சூடாச்சுன்னா பொங்காது. தனியா ஊறின ரவையைப் பிழிஞ்சு போட்டு, உப்புப் போட்டு, கையால நல்லாக் கலக்கணும். இனிமேதான் விஷயமே. குளிர்காலத்துல சமையல் மேடையில வெச்சா காலையில மாவு அப்படியே சப்புன்னு கிடக்கும். ஓவனுக்குள்ள வெச்சு, சூடு போடாம, லைட்டை மட்டும் எரிய விட்டு மூடுங்க. 14 மணி நேரத்துல ஏறி வந்திரும். பாதி பாத்திரத்துக்கு மேல ஊத்தாதீங்க, பொங்கி ஓவன்ல வழிஞ்சா பொதுச் சமையலறையில உங்க பேர் கெட்டுப் போகும்.

ப்ளக் பத்தி ஒரு வார்த்தை. வோல்டேஜ் ஒண்ணுதான், 230. ஆனா நம்ம மூணு பின் அங்க சேராது. சின்னப் பயண அடாப்டர் பலதுல எர்த் கிடையாது. மிக்ஸிக்கு எர்த் இருக்கற, 10 ஆம்பியருக்குக் குறையாத அடாப்டர்தான் வாங்கணும்.

சரி, வெளிய போறது. டாய்ச்லாண்ட் டிக்கெட், அதாவது ஜெர்மனி முழுக்க லோக்கல் ரயில், பஸ்ஸுக்கான மாசப் பாஸ், 2026ல மாசம் 63 யூரோ. பவேரியாவுல மாணவர்களுக்குச் சலுகை விலை உண்டு, அதைக் கேட்டு வாங்குங்க. இது சந்தா. அடுத்த மாசம் வேண்டாம்னா 10ஆம் தேதிக்குள்ள ரத்து பண்ணணும். பண்ணலைன்னா காசு தானா போயிரும். அந்த டிக்கெட்ல எல்லைக்கு அந்தப் பக்கம் ஆஸ்திரியாவுல இருக்கற சால்ஸ்பூர்க் வரைக்கும் போகலாம், ஆனா ஊர் ஊரா நிக்கற ரயில்ல மட்டும். அதே சால்ஸ்பூர்க் போற ரெயில்ஜெட்ங்கற வேக ரயில்ல ஏறினா டிக்கெட் இல்லாத பயணம், 60 யூரோ அபராதம். பாஸ்போர்ட், விசா ரெண்டும் ஒரிஜினல் கையில இருக்கணும். திரும்பி வரும்போது எல்லையில போலீஸ் ஏறிப் பாப்பாங்க, போன்ல இருக்கற போட்டோ செல்லாது.

மலைப்பக்கம் போற ரயில்ல இன்னொரு சிக்கல். டேகர்ன்ஸே ஏரிக்குப் போறேன்னு ஏறுவாங்க, ஷ்லியர்ஸேல இறங்குவாங்க. காரணம், ம்யூனிக்ல இருந்து ஒரே ரயில் மாதிரி கிளம்பறது நடுவுல பிரியும். ஹோல்ட்ஸ்கிர்ஷன்ல ஒரு பகுதி ஷ்லியர்ஸே, பைரிஷ்செல் பக்கம் போயிரும். மீதி ஷாஃப்ட்லாக்ல போய், ஒண்ணு டேகர்ன்ஸேக்கும் ஒண்ணு லெங்க்ரீஸுக்கும் பிரியும். உள்ளுக்குள்ள ஒரு பகுதியில இருந்து இன்னொண்ணுக்கு நடந்து போக முடியாது. அதனால ஏறும்போதே பெட்டிப் பக்கவாட்டுல எரியற ஊர்ப் பேரைப் பாருங்க. ரயில் முகப்பை மட்டும் பாத்து ஏறாதீங்க. தப்பா ஏறிட்டீங்கன்னா பிரியற ஸ்டேஷன்ல நிக்கும்போது இறங்கி பிளாட்பாரத்துல ஓடி மாறிக்கலாம்.

முதல் மாசத்துக்கு இது எதுவும் வேண்டாம்னா ம்யூனிக்ல S8 புறநகர் ரயில் ஏறிக் கடைசி ஸ்டேஷன் ஹெர்ஷிங்ல இறங்குங்க. அம்மர்ஸே ஏரி அங்கயே இருக்கு. கீன்டால் பள்ளத்தாக்கு வழியா காட்டுக்குள்ள ஒண்ணே கால் மணி நேரம் ஏறினா ஆண்டெக்ஸ் மடம். அக்டோபர் 25 ஞாயிறு அன்னிக்குக் கடிகாரத்தைப் பின்னால தள்ளுவாங்க. அதுக்கப்புறம் 5 மணிக்கே இருட்டிரும். இலை விழுந்து ஈரமா இருக்கற பாதை வழுக்கும், 4 மணிக்குக் கீழ வந்துருங்க. மழையா இருந்தா ஆல்ட்டெ பினகோட்டெக் மியூசியம் போங்க. ஞாயிறு 1 யூரோதான். ட்யூரர்ங்கற ஜெர்மன் ஓவியர் 1500ல தன்னையே வரைஞ்ச படம் அங்க இருக்கு. நேரா உங்க கண்ணைப் பாக்கும். கொஞ்ச நேரம் முன்னாடி நில்லுங்க.

ஆனா தம்பி, நீங்க "என்ன பண்றது"ன்னு கேட்டீங்க. "யாரோட பண்றது"ன்னு கேட்டிருக்கணும். கடை பூட்டறதால யாரும் உடைஞ்சு போறதில்ல. நவம்பர் ஞாயிறு சாயங்காலம், இருட்டு, வீட்டுக்குப் போன் பண்ணலாம்னா ஊர்ல ராத்திரி 11 மணி, அம்மா தூங்கியிருப்பாங்க. அந்த நேரம்தான் கஷ்டம். அதுக்கு வழி அக்டோபர்லயே பண்ணணும். ம்யூனிக்ல எல்லா யூனிவர்சிட்டிக்கும் சேர்த்து ஒரு விளையாட்டு அமைப்பு இருக்கு, செட்.ஹா.எஸ்னு (ZHS) கேளுங்க. நீச்சல், பேட்மின்டன், மலையேத்தம் எல்லாம் குறைஞ்ச கட்டணம். நல்ல வகுப்பெல்லாம் புக்கிங் திறந்ததும் சீக்கிரம் நிறைஞ்சிரும், அதனால தேதியைக் குறிச்சு வெச்சுக்கோங்க. ஆல்பென்ஃபெரைன்னு 1869ல ம்யூனிக்லயே ஆரம்பிச்ச மலைச் சங்கம் இருக்கு. 25 வயசுக்குக் கீழ உறுப்பினர் கட்டணம் குறைவு, இளைஞர் குழு வார இறுதியில கூட்டிக்கிட்டுப் போவாங்க. ஜெர்மன் அரைகுறையாத்தான் வரும்னு தயங்காதீங்க, நாலு மணி நேரம் கூட நடந்தா தானா வரும்.

அந்த சனிக்கிழமை இட்லி மாவு இருக்கே, அதை நாலு பேருக்குச் சேத்து அரைங்க. ஞாயிறு காலையில ஹாஸ்டல் பொதுச் சமையலறையில ஆவி பறக்க எடுத்து வெச்சா பக்கத்து ரூம் பையன் தானா வந்து நிப்பான்.

அடுத்த கேள்வி இன்சூரன்ஸ் பத்தி வந்திருக்கு, பாத்துருவோம்.