பொத்தானுக்கும் சக்கரத்துக்கும் நடுவே

வணக்கம், நேயர்களே. ஒன்ராறியோவில் முதல் பனி விழுந்ததும் பழைய பிக்-அப் வைத்திருப்பவர்களிடமிருந்து எங்களுக்கு வரும் முறைப்பாடு ஒன்றுதான். "ஃபோர் வீல் பொத்தானை அழுத்துகிறேன், ஒன்றும் நடக்கவில்லை." ஃபோர் வீல் என்றால் நான்கு சக்கரங்களும் வண்டியை இழுப்பது. இரண்டாவது கேள்வியும் உடனே வரும். "கம்ப்யூட்டர் பெட்டி போய்விட்டதா?" இல்லை என்று சொல்லவே இன்று வந்திருக்கிறேன். அந்தப் பெட்டியைக் கடைசியில் சந்தேகியுங்கள். விலையும் அதற்குத்தான் அதிகம், குற்றம் இல்லாமல் தண்டனை பெறுவதும் அதுதான்.

உதாரணத்துக்கு ஒரு வண்டியையே எடுத்துக்கொள்வோம். 1994 முதல் 2004 வரை வந்த இரண்டாம் தலைமுறை செவர்லே எஸ்-10. ஜிஎம்சி சொனோமா அதன் உடன்பிறப்பு. இங்கே இன்னும் உழைத்துக்கொண்டிருக்கிற வண்டிகள். முன்பலகையில் மூன்று பொத்தான்கள்: இரண்டு சக்கரம், நான்கு சக்கரம், மெதுவேக நான்கு சக்கரம். பொத்தானை அழுத்தினால் அந்தக் கம்ப்யூட்டர் பெட்டி, அதாவது கட்டுப்பாட்டுப் பெட்டி, வண்டிக்கு அடியில் இருக்கிற ஒரு மோட்டாருக்கு ஆணையிடும். என்ஜின் சக்தியை முன், பின் அச்சுகளுக்குப் பங்கிடும் பெட்டிக்கு டிரான்ஸ்ஃபர் கேஸ் என்று பெயர். மோட்டார் அதன் உள்ளே கியரை நகர்த்தும். இதுவரை எல்லாம் மின்சார வேலை. ஆனால் முன் அச்சைப் பூட்டுவது மின்சாரம் அல்ல, காற்று! என்ஜின் காற்றை உறிஞ்சுவதால் கிடைக்கிற வேக்யூம். டிரான்ஸ்ஃபர் கேஸின் மேல் ஒரு சிறிய வேக்யூம் சுவிட்ச் இருக்கிறது. கியர் நகர்ந்ததும் அது வழியைத் திறக்கும். உறிஞ்சல் ஒரு ரப்பர் குழாய் வழியாகப் போய், பேட்டரித் தட்டுக்குக் கீழே இருக்கும் ஒரு சவ்வுப் பெட்டியை இழுக்கும். அந்தப் பெட்டி ஒரு கேபிளை இழுக்கும். கேபிள்தான் முன் அச்சின் வலது பாதியைப் பூட்டுகிறது. அது பூட்டாவிட்டால் டிரான்ஸ்ஃபர் கேஸ் அனுப்பும் சக்தியெல்லாம் அந்தத் தளர்ந்த பாதியில் வீணாகச் சுழன்று போகும். முன்சக்கரம் இழுக்காது.

அதனால் முதலில் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். ரேடியோவை அணைத்துவிட்டு, ஆமாம், இந்த நிகழ்ச்சி முடிந்த பிறகு அணைத்துவிட்டு, பொத்தானை அழுத்துங்கள். வண்டிக்கு அடியில் மோட்டார் உறுமி "டக்" என்று ஒரு சத்தம் கேட்கிறதா? கேட்டால் பொத்தான், பெட்டி, மோட்டார் மூன்றும் அநேகமாக வேலை செய்கின்றன. அதற்குப் பிறகும் முன்சக்கரம் இழுக்கவில்லை என்றால், காற்றின் பாதையில் தேடுங்கள்.

ஓர் அண்ணன் ஒரு சொனோமாவோடு வந்தார். வேறோர் இடத்தில் கட்டுப்பாட்டுப் பெட்டியை மாற்றியிருந்தார்கள். பிறகு மோட்டாரையும் மாற்றியிருந்தார்கள். "தம்பி, இனி மாற்ற என்ன மிச்சம் இருக்கிறது?" என்று கேட்டார். பொத்தானை அழுத்தினேன், சத்தம் நன்றாகவே கேட்டது. அப்போது அவர் சம்பந்தமில்லாதது போல இன்னொன்றையும் சொன்னார். ஏற்றத்தில் ஏறும்போது ஹீட்டர் காற்று முகத்துக்கு வராமல் முன்கண்ணாடிக்குப் போய்விடுகிறதாம். அதை வேறொரு நாள் பார்க்கலாம் என்றார். நான் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டேன். இந்த வண்டியில் ஹீட்டர் கதவுகளைத் திருப்புவதும் அதே வேக்யூம்தான். உறிஞ்சல் குறைந்தால் காற்று தானாகக் கண்ணாடிப் பக்கம் போகும். ஓட்டுநருக்குப் பாதை மறையக் கூடாது என்று அப்படி அமைத்திருக்கிறார்கள். ஆக, அவர் இரண்டு குறைகளாகச் சொன்னது ஒரே குறைதான்.

பேட்டரியைத் தூக்கினோம். கீழே குழாயின் முனை அமிலம் பட்டு வெடித்திருந்தது. வெட்டிப் பார்த்தால் உள்ளே சிவப்பு எண்ணெய். காற்றுக் குழாய்க்குள் எண்ணெய் எப்படி வரும்? டிரான்ஸ்ஃபர் கேஸில் ஊற்றுவது சிவப்பு நிற ஆட்டோமேட்டிக் டிரான்ஸ்மிஷன் எண்ணெய். மேலே இருக்கிற அந்தச் சுவிட்சின் அடைப்பு தேய்ந்ததும் என்ஜின் உறிஞ்சும் உறிஞ்சலில் எண்ணெயும் ஏறி வந்துவிடுகிறது. விட்டுவிட்டால் அது ஹீட்டர் பொத்தான் பலகை வரைக்கும் போகும். ஒரு சிறிய சுவிட்சையும் இரண்டு முழம் குழாயையும் மாற்றினோம். வண்டி பனிக்குவியலில் ஏறி இறங்கியது. குழாயை மட்டும் மாற்றிச் சுவிட்சை விட்டுவைக்கக் கூடாது என்பதை அழுத்தமாகச் சொல்கிறேன். புதுக் குழாயும் எண்ணெயில் ஊறிப்போகும்.

வீட்டிலேயே சோதிக்கலாம். என்ஜினை ஓடவிட்டு, ஃபோர் வீலைப் போட்டு, பேட்டரிக்குக் கீழே இருக்கும் குழாயைக் கழற்றி முனையில் விரலை வையுங்கள். விரலை உறிஞ்சிப் பிடிக்க வேண்டும். கையால் இயக்கும் வேக்யூம் பம்பு இருந்தால் சவ்வுப் பெட்டியில் மாட்டி 15 அங்குலம் பாதரச அளவுக்கு இழுத்துப் பாருங்கள். கேபிள் நகர வேண்டும், பம்பில் இருக்கும் அளவுமானியின் முள் இறங்காமல் நிற்க வேண்டும். முள் இறங்கினால் சவ்வு கிழிந்திருக்கிறது. இழுத்தும் கேபிள் அசையவில்லை என்றால் துரு.

அடியில் சத்தமே இல்லை என்றால்? அப்போது மின்சாரம். ஃபியூஸைப் பாருங்கள், பிறகு எர்த் வயர். வீதிக்குப் போடும் உப்பு முதலில் தின்பது இணைப்பிகளைத்தான். இங்கே மீட்டரை மட்டும் நம்பாதீர்கள். ஒரே ஓர் இழை மிஞ்சிய வயரிலும் மீட்டர் 12 வோல்ட் காட்டும், ஆனால் மோட்டாரைச் சுழற்றும் அளவுக்கு அதில் மின்சாரம் ஓடாது. ஒரு பழைய ஹெட்லைட் பல்பை மாட்டிப் பாருங்கள். அது பிரகாசமாக எரிந்தால்தான் வயர் நல்லது.

இன்னொன்று, பலருக்கு வீண் செலவு வைப்பது. உலர்ந்த தார்ச்சாலையில் ஃபோர் வீலைப் போட்டுத் திரும்பினால் முன் அச்சும் பின் அச்சும் ஒன்றையொன்று முறுக்கிக்கொள்ளும். பிறகு இரண்டு சக்கரத்துக்குத் திரும்ப மறுக்கும். அது பழுதல்ல. நேராகக் கொஞ்ச தூரம் பின்னோக்கி ஓட்டுங்கள், விடுபட்டுவிடும். நான்கு டயரும் ஒரே அளவில் இல்லாவிட்டாலும் இதே தொல்லைதான்.

நேரம் முடிகிறது என்று கண்ணாடிக்கு அப்பாலிருந்து கைகாட்டுகிறார்கள். மோட்டாரைப் பற்றி விரிவாகப் பேச எண்ணியிருந்தேன், அவசியமானதை மட்டும் சொல்கிறேன். பழுதுக் குறியீடுகளை வாசிக்கும் மலிவான கருவி என்ஜின் குறியீடுகளை மட்டுமே காட்டும். ஃபோர் வீல் பெட்டியின் குறியீடுகளை வாசிக்கக்கூடிய கருவி இருக்கும் கராஜுக்குப் போங்கள். மோட்டாரை நீங்களே மாற்றினால், டிரான்ஸ்ஃபர் கேஸின் தண்டு நிற்கும் நிலையிலேயே புது மோட்டாரும் இருக்க வேண்டும். போல்ட்டை இறுக்கி வலிந்து உட்கார வைக்காதீர்கள். தண்டை நீங்கள் கையால் திருப்பும்போது டிரான்ஸ்ஃபர் கேஸ் நியூட்ரலில் நின்றுவிடலாம். அப்போது கியரைப் பார்க்கில் போட்டிருந்தாலும் வண்டி உருளும். அடியில் படுப்பதற்கு முன் கைபிரேக்கை இழுத்து, சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் கட்டை வையுங்கள். நன்றி, வணக்கம்.