கெயினைக் குறையுங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

உங்களில் அறுபதைத் தாண்டியவர்களுக்கு வால்வு ரேடியோ நினைவிருக்கும். திருகைத் திருப்பியவுடன் அது பாடிவிடாது. உள்ளே வால்வுகள் என்னும் கண்ணாடிக் குழாய்களில் ஆரஞ்சு வெளிச்சம் மெல்ல ஏறும், தூசி சூடாகும் வாசனை வரும், அதன்பிறகுதான் குரல் வரும். முத்தியால்பேட்டையில் எங்கள் பக்கத்து வீட்டில் அப்படி ஒன்று இருந்தது. அந்த வீட்டுத் தாத்தாவுக்குக் காது மந்தம். காலையில் மங்கள இசை தொடங்கியதும் சத்தத்தை முழுவதும் கூட்டிவிடுவார். நாதஸ்வரக்காரர் தணித்து வாசிக்கும்போது ஓசை தெளிவாக இருக்கும். மூச்சைக் கூட்டி மேல்ஸ்தாயியில் நிற்கும்போது அதன் ஓரங்கள் லேசாக நொறுங்கும். எட்டு வயதில் அந்தக் கரகரப்பைக் கேட்பதற்காகவே அவர் வீட்டுத் திண்ணையில் போய் உட்காருவேன். பள்ளிக்கு நேரமாகிவிட்டது என்று அம்மா வந்து கையைப் பிடித்து இழுத்துப் போவார்.

ஒன்றைக் கவனியுங்கள். தணித்து வாசித்தால் தெளிவு, அழுத்தி வாசித்தால் கரகரப்பு. இடையில் ரேடியோவின் திருகை யாரும் தொடவில்லை. வாசித்தவரின் மூச்சே அதை முடிவு செய்தது. ப்ளூஸ் என்னும் அமெரிக்கக் கறுப்பினத்தவரின் இசையை மின்கிட்டாரில் வாசிக்க ஆம்ப்ளிஃபயரை எப்படி வைப்பது என்று நான் இன்று பேச வந்ததும் இதைப் பற்றித்தான்.

கல்லூரி நாள்களில் நண்பர் ஒருவர் ப்ளூஸ் கலைஞர் மடி வாட்டர்ஸின் ஒலிநாடாவைக் கொடுத்தார். மிசிசிப்பியில் பருத்தித் தோட்ட வேலையை விட்டுவிட்டு 1943-இல் சிகாகோவுக்குப் போனவர் அவர். அங்கே மதுக்கடை இரைச்சலில் சாதாரணக் கிட்டார் எடுபடவில்லை, மின்கிட்டாருக்கு மாறினார். அக்காலத்துச் சிறிய ஆம்ப்ளிஃபயர்களைக் கூட்டத்துக்குக் கேட்கும்வரை கூட்டினால், வால்வுகள் தாங்க முடியாமல் ஒலியின் முகடுகளை மழுக்கும். அந்தக் கரகரப்பே ப்ளூஸ் கிட்டாரின் குரலாக நிலைத்துவிட்டது. நாடாவைக் கேட்டதும் எனக்குத் தாத்தாவின் திண்ணை கண்முன் வந்தது.

என்னிடம் கற்க வரும் பிள்ளைகள் ப்ளூஸ் என்றதும் கெயின் திருகை, அதாவது உள்ளே வரும் ஒலியை எவ்வளவு பெருக்குவது என்று முடிவு செய்யும் ஆம்ப்ளிஃபயர் திருகை, பத்தில் வைக்கிறார்கள். அப்படி வைத்தால் தடவினாலும் அடித்தாலும் ஒரே ஓசைதான். ஆடி மாதத்தில் கூம்பு ஒலிபெருக்கியில் வரும் பாட்டை நினைத்துப் பாருங்கள். பாடகர் தாழப் பாடுகிறாரா உச்சத்தில் பாடுகிறாரா என்றே தெரியாது.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். ஆம்ப்ளிஃபயரின் எல்லாத் திருகுகளையும் ஐந்தில் வையுங்கள். கிட்டாரின் வால்யூமை முழுவதும் திறந்துவிட்டு, கெயினை மட்டும் பூஜ்யத்திலிருந்து மெல்ல ஏற்றுங்கள். ஒரு தந்தியை மென்மையாக மீட்டுங்கள், பிறகு ஓங்கி மீட்டுங்கள். ஓங்கினால் மட்டும் கரகரக்கும் இடம் ஒன்று வரும். அங்கே நிறுத்திவிடுங்கள். இனி கெயினுக்காக ஆம்ப்ளிஃபயர் பக்கம் போக வேண்டாம். கிட்டாரிலேயே ஒரு வால்யூம் திருகு இருக்கிறதே, பலர் ஆண்டுக்கணக்கில் தொடாத திருகு, அதை ஏழுக்குக் குறைத்தால் தாளம் போடலாம். பத்துக்கு ஏற்றினால் தனி ஆவர்த்தனம். தாத்தாவின் ரேடியோவுக்கு நாதஸ்வரக்காரரின் மூச்சு எப்படியோ, ஆம்ப்ளிஃபயருக்கு உங்கள் விரல் அப்படி. இதை எத்தனை முறை சொன்னாலும் எனக்குச் சலிக்காது.

அடுத்தது மிட். ஆம்ப்ளிஃபயரில் பேஸ் திருகு கீழ் ஓசைக்கு, ட்ரெபிள் மேல் ஓசைக்கு, மிட் நடு ஓசைக்கு. என் மாணவன் ஒருவன் தன் அறையில் பேஸையும் ட்ரெபிளையும் ஏற்றி, மிட்டை அறவே குறைத்து வைத்திருந்தான். தனியாகக் கேட்க அருமையாகத்தான் இருந்தது. ஜூன் 21-ஆம் தேதி தெரு இசை விழாவில் குழுவோடு வாசித்தபோது அவனுடைய கிட்டார் காணாமல் போய்விட்டது. கீழே பேஸ் கிட்டாரும் டிரம்ஸும் இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன, மேலே டிரம்ஸோடு இருக்கும் உலோகத் தட்டுகளின் ஓசை. கிட்டாருக்கு மிஞ்சுவது நடுப்பகுதிதான். அதையும் பறித்துவிட்டால் பாவம், அது எங்கே போகும்? மிட்டை ஆறு, ஏழு வரை தயங்காமல் ஏற்றுங்கள். பேஸ் நான்கு போதும்.

வீட்டுக்குப் பெரிய ஆம்ப்ளிஃபயர் தேவையில்லை. 50 வாட் என்பது 5 வாட்டைப்போலப் பத்து மடங்கு சத்தமாகக் கேட்காது. ஏறக்குறைய இரண்டு மடங்குதான். சிறியதை வாங்கினால் அக்கம்பக்கத்தார் கதவைத் தட்டுவதற்குள் வால்வுகளைக் கரகரக்க வைத்துவிடலாம். வால்வு வாங்க வசதியில்லையென்றால் டிரான்சிஸ்டர் போதும். ப்ளூஸ் கிட்டார் கலைஞர் பி.பி. கிங் பல ஆண்டுகள் வாசித்த லேப் சீரிஸ் எல்5, டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயர்தான்.

பெடல்களைப் பற்றியும், கடற்காற்றில் தந்திகள் துருப்பிடிப்பதைப் பற்றியும் குறித்து வைத்திருந்தேன். நேரமாகிவிட்டதென்று கண்ணாடிக்கு அப்பாலிருந்து கை காட்டுகிறார்கள். இரண்டு எச்சரிக்கைகளை மட்டும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவரும் ஆம்ப்ளிஃபயர் 120 வோல்ட்டுக்கானதாக இருக்கலாம். பின்புறம் எழுதியிருப்பதைப் பார்க்காமல் நம் 230 வோல்ட்டில் செருகாதீர்கள். ஸ்பீக்கரை இணைக்காமல் வால்வு ஆம்ப்ளிஃபயரை ஒருபோதும் இயக்காதீர்கள். உள்ளிருக்கும் டிரான்ஸ்ஃபார்மர் எரிந்துபோகலாம். வணக்கம்.