சுட்டெண்ணுக்கு ஊர் கிடையாது

நடுவர் அவர்களே, எதிரணியில் அமர்ந்திருக்கும் சேர்மாரே, டீச்சர்மாரே, பின்வரிசையில் தவணைப் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டே பட்டிமன்றம் கேட்கும் அன்பர்களே, வணக்கம்.

"க.பொ.த. சாதாரண தர ஆங்கிலப் பரீட்சை எல்லாப் பிள்ளைக்கும் நியாயமானதா?" என்பது தலைப்பு. இலங்கையில் பதினோராம் தர முடிவில் பிள்ளைகள் எழுதும் பொதுப் பரீட்சை அது. நியாயமானதே என்று பேச வந்திருக்கிறேன். ஆங்கில ஆசிரியர்கள் நிறைந்த சபையில் இந்தப் பக்கம் நிற்கக் கொஞ்சம் துணிவு வேண்டும்.

எதிரணித் தலைவர் அந்தக் கேலிச்சித்திரத்தைச் சொல்லிக் கைதட்டல் வாங்கினார். குரங்கு, யானை, மீன் எல்லாவற்றையும் வரிசையில் நிறுத்தி, எல்லாரும் இந்த மரத்தில் ஏறுங்கள் என்று பரீட்சை வைக்கும் படம். ஆசிரியர் செயலமர்வு என்றால் மதியச் சாப்பாடு வருகிறதோ இல்லையோ, அந்தப் படம் வந்துவிடும். நான் ஒன்று கேட்கிறேன் சேர், அதில் மீன் யார்? நுவரெலியாத் தோட்டத்துப் பிள்ளையா, முல்லைத்தீவுக் கரையோரப் பிள்ளையா? மீனுக்கு மரம் ஏறுவது பிறவியிலேயே இல்லை. நம் பிள்ளைக்கு ஆங்கிலமும் அப்படித்தான் என்கிறீர்களா? மூன்றாம் தரத்திலிருந்து பதினோராம் தரம்வரை ஒன்பது வருடம் அந்தப் பாடம் நேரசூசியில் இருக்கிறது. அதை முடித்த பிள்ளையை மீன் என்று சொல்லி இரக்கப்படுவதை நான் நியாயம் என்று எடுத்துக்கொள்ள மாட்டேன்.

அடுத்தது, இந்த மேடையில் இன்னும் யாரும் தொடாத விஷயம். கணிதம், விஞ்ஞானம், வரலாறு எல்லாவற்றிலும் தமிழ்மொழி மூலப் பிள்ளைக்குக் கிடைப்பது பெரும்பாலும் மொழிபெயர்த்த வினாத்தாள். அதில் ஒரு சொல் பிசகினால் என்ன நடக்கும் என்று இங்கே இருப்பவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. பிள்ளைக்குப் பாடம் தெரியும், வினா விளங்காது. வெளியே வந்து நம்மிடம் கேட்கும்போது நமக்கும் விளங்காது. ஆங்கில வினாத்தாளுக்கு அந்தச் சிக்கலே கிடையாது. காலியில் சிங்களப் பிள்ளை கையில் இருக்கும் அதே தாள், அதே வரி, அதே கமா, மன்னாரில் நம் பிள்ளை கையிலும் இருக்கிறது. மூன்று இனத்துப் பிள்ளைகளும் ஒரே எழுத்தைப் பார்த்து எழுதும் தாளைப் போய் அநியாயம் என்கிறீர்களே!

அப்புறம் திருத்தும் விதம். விடைத்தாளில் பெயர் இல்லை, பாடசாலை இல்லை, பரீட்சை இலக்கமான சுட்டெண் மட்டும்தான். உதவிப் பரீட்சகர் சிவப்புப் பேனாவால் திருத்துகிறார். அதற்கு மேலே பிரதம பரீட்சகரின் ஊதாப் பேனா வரும். தாள் திருத்தப் போனவர்களுக்கு அந்த ஊதா மையைக் கண்டால் வயிற்றில் என்ன செய்யும் என்று தெரியும். இருநூறு சொற் கட்டுரைக்குக் கொஞ்சம் தாராளமாகப் புள்ளி போட்டிருந்தால், "எதற்குக் கொடுத்தீர்கள், புள்ளித் திட்டத்தைக் காட்டுங்கள்" என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்குப் பயந்தாவது நாம் ஒழுங்காகத் திருத்துகிறோம். நம் பாடசாலைத் தவணைப் பரீட்சையில் அப்படி யார் கேட்கிறார்கள்? அதிபரின் மகள் எழுதிய தாள் எது, போன வாரம் நம்மோடு சண்டை பிடித்த தகப்பனின் மகன் எழுதியது எது என்று கையெழுத்தைப் பார்த்தே சொல்லிவிடுவோமே!

எதிரணியின் இரண்டாவது பேச்சாளர் நல்ல கேள்வி ஒன்று கேட்டார். அறுகம்பேயில் வெள்ளைக்காரர்களோடு சரளமாகப் பேசி வியாபாரம் செய்யும் பையன், பரீட்சையில் டபிள்யூ, அதாவது சித்தியில்லை என்ற தரம், வாங்குகிறானே, இது நியாயமா என்றார். அந்தப் பையனின் திறமைக்கு நானும் தலை வணங்குகிறேன். ஆனால் வினாத்தாள் என்ன கேட்கிறது? ஒரு குறிப்பு எழுது, ஒரு கடிதம் எழுது, இந்த வரைபடத்தைப் பார்த்து விவரி, இந்தப் பந்தியை வாசித்து விடை சொல் என்கிறது. நாளைக்கு அவன் ஒரு கடை போட்டு வங்கிக்குப் போனால் அங்கே கேட்பதும் இதைத்தான். சித்தியடைய 35 புள்ளி போதும். அதுவும் கிடைக்காமல் டபிள்யூ வந்தாலும், அந்த ஒரு காரணத்துக்காக அடுத்த படியான உயர்தரம் படிக்கும் கதவு மூடப்படுவதில்லை.

"அப்படியென்றால் பேச்சுப் பரீட்சையையும் சேருங்கள்" என்கிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. யார் கேட்டுப் புள்ளி போடுவது? வாயைத் திறந்த அரை நிமிடத்தில் பிள்ளையின் ஊர் தெரிந்துவிடும், வீடு தெரிந்துவிடும், தகப்பன் என்ன தொழில் என்றுகூட ஓரளவு தெரிந்துவிடும். கொழும்பு உச்சரிப்புக்குத் தானாகவே இரண்டு புள்ளி கூடும். மனிதக் காது அப்படிப்பட்டது. ஆங்கிலம் பிறந்த இங்கிலாந்தில் என்ன நடந்தது என்று பாருங்கள். அங்கே பதினாறு வயதளவில் எழுதும் ஜிசிஎஸ்ஈ பரீட்சையின் ஆங்கிலத்தில் பேச்சும் கேட்டலும் மொத்தப் புள்ளியில் சேர்ந்திருந்தன, போட்டவர்கள் பாடசாலை ஆசிரியர்கள். 2012இல் தரங்களைப் பற்றிப் பெரிய சண்டை வந்து நீதிமன்றம்வரை போனது. 2014 முதல் பேச்சுப் புள்ளியை இறுதித் தரத்தில் சேர்ப்பதில்லை என்று நிறுத்தி, சான்றிதழில் தனியாகப் போடத் தொடங்கினார்கள். ஆசிரியர்கள் பலர் எதிர்த்தார்கள், அது உண்மை. ஆனால் எல்லாப் பாடசாலையிலும் ஒரே அளவில் புள்ளி விழுகிறது என்று உறுதி சொல்ல அவர்களால் முடியவில்லை. தாய்மொழிக்காரர்களுக்கே முடியாததை நமது வலயக் கல்வி அலுவலகத்தின் தலையில் கட்டப் பார்க்கிறீர்கள்.

சரி, "கொழும்புப் பிள்ளைக்கு வீட்டிலேயே ஆங்கிலம், நம் பிள்ளைக்கு ஆசிரியரே இல்லை" என்ற வாதத்துக்கு வருகிறேன். இதுதான் எதிரணியின் பெரிய ஆயுதம், அதில் உள்ள வேதனையை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த வெற்றிடம் வெளியே தெரிவது எதனால்? பரீட்சைப் பெறுபேற்றால். ஒரு வலயத்தில் ஆங்கிலத்தில் எத்தனை பேர் சித்தி என்று எண்ணிக்கை வந்த பிறகுதான் பணிப்பாளர் கூட்டம் கூட்டுகிறார், பெற்றோர் அதிபரின் கதவைத் தட்டுகிறார்கள். பரீட்சையின் கனத்தைக் குறைத்தால் என்ன ஆகும் என்பதற்கு உயர்தரத்தில் உதாரணம் இருக்கிறது. பொது ஆங்கிலம் என்று ஒரு பாடம், பல்கலைக்கழக அனுமதிக்கான இசட் புள்ளியில் அது சேராது. அந்தப் பாடவேளையில் வகுப்பறைப் பக்கம் போய்ப் பாருங்கள். பௌதிகவியல் மேலதிக வகுப்பு நடக்கும், இல்லையென்றால் பிள்ளைகள் மரத்தடியில் இருப்பார்கள். அந்தப் பாடத்துக்கு ஆசிரியர் வேண்டும் என்று யாரும் மறியல் செய்து நான் பார்த்ததில்லை. சாதாரண தர ஆங்கிலத்தையும் அந்தக் கதிக்குக் கொண்டுவந்தால், கிராமத்துக்கு வருகிற ஒன்றிரண்டு இடமாற்றமும் நின்றுபோகும். கொழும்பில் ரியூசனுக்குக் காசு கொடுப்பவர்கள் எப்படியும் படித்துக்கொள்வார்கள்.

ஒரு இடத்தில் மட்டும் எதிரணியோடு கை குலுக்குகிறேன். வாசிப்புப் பந்திகள் சிலவேளை நகரத்துப் பிள்ளையின் உலகத்தையே சுற்றிவருகின்றன. விமான நிலையத்தைக் கண்ணால் காணாத பிள்ளை அங்கே நடக்கும் சம்பவத்தை முதலில் கற்பனை செய்து, பிறகு வினாவுக்குப் போக வேண்டியிருக்கிறது. வயல், கடல், தேயிலை, சந்தை எல்லாவற்றிலிருந்தும் பந்தி வரட்டும். அதற்கு வினாத்தாள் தயாரிக்கும் குழுவில் நம் பக்கத்து ஆசிரியர்கள் போய் உட்கார வேண்டும். அழைப்பு வந்தபோது வீட்டு விசேஷம் என்று காரணம் சொல்லித் தட்டிக்கழித்தவர்கள் இந்த மண்டபத்திலும் இருக்கிறார்கள், பெயர் சொல்ல மாட்டேன்.

மணி அடித்துவிட்டது. எதிரணியில் இன்னும் ஒருவர் பேச இருக்கிறார். அவரிடம் ஒரு கேள்வியை விட்டுவிட்டு இறங்குகிறேன். இந்தப் பரீட்சையை எடுத்துவிட்டால் அந்த இடத்தில் எதை வைப்பீர்கள்? அதில் புள்ளி போடுபவர் யார், அவருக்கு அந்தப் பிள்ளையின் தகப்பனைத் தெரியுமா? இவற்றுக்குப் பதில் சொல்லிவிட்டு உங்கள் வாதத்தைத் தொடங்குங்கள் டீச்சர்.