கட்டாமல் விட்ட தவணை

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

'அரசின் கஜானாவைப் பெரிதும் கரைப்பவர்கள் ஊழியர் சங்கத்தாரா, ஆட்சியாளர்களா?' இதுதான் தலைப்பு. ஆட்சியாளர்களே என்று வாதாட வந்திருக்கிறேன். எதிரணித் தலைவர் தம் வழக்கு முழுவதையும் அமெரிக்காவை வைத்தே கட்டினார். நல்லது, நானும் அந்த எல்லையைத் தாண்டவில்லை. அவர் எட்டிப் பார்க்காத சில இடங்களுக்கு மட்டும் போய் வருகிறேன்.

அவர் சொன்னது இது: சங்கம் தேர்தலில் ஒருவரை ஜெயிக்க வைக்கிறது, பிறகு அவரிடமே போய்ச் சம்பளம் பேசுகிறது, வரி கட்டுகிறவன் வாசலுக்கு வெளியே நிற்கிறான். தொழிலாளரின் நண்பர் எனப்பட்ட அதிபர் ரூஸ்வெல்ட்டே 1937-இல், அரசுப் பணிக்குக் கூட்டுப் பேரம், அதாவது ஊழியர் எல்லோருக்குமாகச் சங்கமே சம்பளம் பேசுவது, ஒத்துவராது என்று எழுதவில்லையா என்றும் கேட்டார். எழுதினார், மறுக்கவில்லை. எதிரணித் தலைவரின் வேலையை மிச்சப்படுத்த இன்னொன்றையும் நானே தருகிறேன். 1999-இல் கலிபோர்னியாவில் வந்த சட்டப்படி நெடுஞ்சாலைக் காவலர் அன்று 50 வயதிலேயே ஓய்வு பெற முடிந்தது. பார்த்த ஒவ்வோர் ஆண்டு வேலைக்கும் சம்பளத்தில் 3 சதவீதம் ஓய்வூதியம். முப்பது ஆண்டு பார்த்திருந்தால் 90 சதவீதம்! சங்கங்கள் கேட்டது அதிகம்தான். ஆனால், பங்குச் சந்தை லாபமே பார்த்துக்கொள்ளும், வரி கட்டுகிறவருக்குக் கூடுதல் சுமை இராது என்று சொன்னது மாநிலத்தின் ஓய்வூதிய நிதியம். நம்பி வாக்களித்தவர்கள் இரு கட்சி உறுப்பினர்களும். அடுத்த ஆண்டே சந்தை சரியத் தொடங்கியது. அதிகம் கேட்டவனைப் பேராசைக்காரன் என்கிறோம். கணக்குப் பார்க்காமல் கொடுத்தவரை மட்டும் ஏன் ஏமாளி என்று மன்னிக்கிறோம்?

ஓய்வூதிய நிதி என்பது இரண்டு பேர் பணம் போடும் உண்டியல். ஊழியரின் பங்கு, சம்பளம் கைக்கு வரும் முன்பே பிடிக்கப்பட்டுவிடும். 'இந்த மாதம் கொஞ்சம் நெருக்கடி, விட்டுவிடுங்கள்' என்று அவர் சொல்ல முடியாது. அரசு சொல்லலாம். நியூஜெர்சி சொன்னது. 1997-இல் சுமார் 275 கோடி டாலருக்குக் கடன் பத்திரம் விற்று அந்த உண்டியலில் போட்டார்கள். போட்டதே கடன். அதைக் காட்டி, பிறகு ஆண்டுக்கணக்கில் தங்கள் பங்கைக் கட்டாமலும் குறைத்துக் கட்டியும் காலத்தை ஓட்டினார்கள். ஓய்வூதிய நிதியில் விழுந்திருந்த பள்ளத்தைக் கடன் பத்திரம் வாங்கியவர்களிடம் மறைத்ததாக 2010-இல் பங்குச் சந்தைக் கண்காணிப்பு ஆணையம் மோசடிக் குற்றம் சாட்டியது. ஒரு மாநிலத்தின் மீதே அந்த ஆணையம் கைவைத்தது அதுவே முதல் முறை. குற்றம் சாட்டப்பட்டது மாநில அரசு, சங்கம் அல்ல.

நியூயார்க் நகரம் திவாலாகப் போன 1975-ஐ நினைவூட்டி, 'சங்கங்கள் தின்று தீர்த்த நகரம்' என்றார் எதிரணியில் இன்னொருவர். அன்றாடச் செலவையே, கட்டடம், பாலம் போன்ற மூலதனச் செலவு என்று எழுதி, கடனுக்கு மேல் கடன் வாங்கிய கணக்குப் புத்தகத்தை யார் வைத்திருந்தார்கள்? அதை விடுங்கள். அக்டோபர் 17, வெள்ளிக்கிழமை. அன்று மாலைக்குள் 45 கோடி டாலருக்கு மேல் கட்டியாக வேண்டும். நகரத்திடம் பணம் இல்லை. கையிருப்பு இல்லை என்று அறிவிக்கும் மேயரின் அறிக்கைகூடத் தயார். கடைசி நம்பிக்கை, ஆசிரியர்களின் ஓய்வூதிய நிதி 15 கோடி டாலருக்குக் கடன் பத்திரம் வாங்குவது. அந்த ஆண்டுதான் ஆயிரக்கணக்கில் ஆசிரியர்களை வேலையைவிட்டு அனுப்பியிருந்தார்கள். தங்கள் முதுமைக்கு வைத்த பணத்தை, தங்களையே வெளியே தள்ளிய நகரத்துக்குத் தர வேண்டும். ஆசிரியர் சங்கத் தலைவர் ஆல்பர்ட் ஷாங்கர் முதலில் மறுத்தார். பிறகு அன்று பிற்பகல் இசைந்தார். நகரம் பிழைத்தது. தின்று தீர்த்தவர்கள் செய்கிற காரியமா இது, ஐயா?

சங்கம் பலமாக இருந்தால் கஜானா காலியாகும் என்பது எதிரணியின் வாய்ப்பாடு. போட்டுப் பார்ப்போம். கென்டக்கியில் மாநில அரசு ஊழியர்களுக்குக் கூட்டுப் பேர உரிமையே இல்லை. அங்கே 2018-இல் மாநில ஊழியர்களின் முக்கிய ஓய்வூதிய நிதியில், 100 டாலர் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது சுமார் 13 டாலர். விஸ்கான்சின் 1959-லேயே உள்ளாட்சி ஊழியர்களுக்கு அந்த உரிமையை முதலில் தந்த மாநிலம். அரை நூற்றாண்டு பேரத்துக்குப் பிறகும் அதன் ஓய்வூதிய நிதி ஏறக்குறைய முழுதாக நிரம்பியிருந்தது. காரணம் எளியது. அங்கே தவணையை ஒழுங்காகக் கட்டினார்கள்.

அந்த விஸ்கான்சினில்தான் 2011 பிப்ரவரியில் ஆளுநர் ஸ்காட் வாக்கர், கஜானா காலி, சங்கங்களின் பேர உரிமையைச் சுருக்கினால்தான் மீளலாம் என்று மசோதா கொண்டுவந்தார். காவலரையும் தீயணைப்பு வீரரையும் மட்டும் தொடவில்லை. ஓய்வூதியத்துக்கும் மருத்துவக் காப்பீட்டுக்கும் நீங்கள் கேட்ட பங்கைக் கட்டுகிறோம், பேசும் உரிமையை மட்டும் விட்டுவிடுங்கள் என்றன பெரிய சங்கங்கள். அவர் ஏற்கவில்லை. நிதி மசோதா நிறைவேற மேலவையில் 20 பேர் இருக்க வேண்டும். ஆளுங்கட்சிக்கு இருந்தது 19 பேர். எதிர்க்கட்சியினர் 14 பேரும் பக்கத்து மாநிலத்துக்குப் போய்விட்டார்கள். ஆளுங்கட்சியார் என்ன செய்தார்கள் தெரியுமா? மார்ச் 9 அன்று, நிதி ஒதுக்கீட்டுப் பிரிவுகளை மசோதாவிலிருந்து உருவிவிட்டு, 'இது நிதி மசோதா அல்ல' என்று சொல்லி நிறைவேற்றினார்கள்.

நடுவர் அவர்களே, மணி அடித்துவிட்டீர்கள், முடிக்கிறேன். நிதிக்காகவே வந்த மசோதா எப்படி நிதி மசோதா இல்லாமல் போனது? எதிரணித் தலைவருக்குத் தொகுப்புரை நேரம் இன்னும் இருக்கிறது.