கீழடுக்கு பச்சையானா வினையூக்கி வேலை செஞ்சிருச்சுன்னு அர்த்தமா?

அடுத்த கேள்வி. "மேலே அமிலத் தண்ணி, கீழே டைகுளோரோஈத்தேன் (தண்ணியோட கலக்காத கரைப்பான்). ஒவ்வொண்ணும் 2 மில்லி. கீழே 5 மில்லிமோலார் டெக்காமெத்தில்ஃபெரோசீன் (எலக்ட்ரான் கொடுக்கிற இரும்புச் சேர்மம், சுருக்கமா ஃபெரோசீன்), வினையூக்கியா 50 மைக்ரோமோலார் உலோகமில்லாத டெட்ராஃபீனைல் போர்ஃபிரின். தண்ணியில 10 மில்லிமோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம், 5 மில்லிமோலார் லித்தியம் டெட்ராகிஸ்(பென்டாஃபுளோரோஃபீனைல்)போரேட் உப்பு (சுருக்கமா போரேட்). குலுக்கினதும் கீழடுக்கு பச்சையாயிடுச்சு. ஆக்சிஜனை ஒடுக்குறதுக்கு (அதாவது அதுக்கு எலக்ட்ரான் கொடுக்கிறதுக்கு) வினையூக்கி போர்ஃபிரின்தானே?"

அந்தப் பச்சையை வச்சு மட்டும் சொல்ல முடியாதுங்க. ஃபெரோசீன் எலக்ட்ரான் இழந்தா பச்சை. ஆனா போர்ஃபிரின் ரெண்டு புரோட்டான் வாங்கிக்கிட்டாலும் பச்சைதான்! கண்ணுக்கு ரெண்டும் ஒண்ணு போலத்தான் தெரியும். நிறமாலை எடுங்க: 780 நானோமீட்டர் பக்கம் வர்றது எலக்ட்ரான் இழந்த ஃபெரோசீன் (ஃபெரோசீனியம்), 660 பக்கம் வர்றது புரோட்டான் வாங்கின போர்ஃபிரின்.

780 ஏறினாலும் போதாது. டெக்காமெத்தில்ஃபெரோசீன் தனியாவே ஆக்சிஜனை மெதுவா ஒடுக்கும். அதனால போர்ஃபிரின் இல்லாத குப்பியையும் அதே நேரம் குலுக்கி, ரெண்டையும் ஒப்பிடணும். ஆர்கான் ஓட்டி ஆக்சிஜனை வெளியேத்தின குப்பி ஒண்ணு, போரேட் இல்லாத குப்பி ஒண்ணு கண்டிப்பா வேணும். புரோட்டானை எல்லை தாண்டி இழுத்துட்டு வர்றதே அந்த போரேட் அயனிதான்.

போரேட் அளவுல கவனம். உருவாகிற ஒவ்வொரு ஃபெரோசீனியத்துக்கும் கீழடுக்குல துணையா ஒரு போரேட் வேணும். 2 மில்லிமோலார் மட்டும் போட்டா வினை பாதியிலேயே நிக்கும். வினையூக்கி செத்துப்போச்சுன்னு நினைச்சுடுவீங்க. ஆக்சிஜனும் அப்படித்தான், கரைஞ்சிருக்கிறது பத்தாது, குப்பியில காத்து இடம் விடுங்க. மூடியை ஃபியூம் ஹூடுக்குள்ள மட்டும் திறங்க. டைகுளோரோஈத்தேன் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது, நைட்ரைல் கையுறையைச் சீக்கிரமே ஊடுருவிடும்.

அப்புறம், ஆக்சிஜன் ஒடுங்கி ஹைட்ரஜன் பெராக்சைடு ஆச்சான்னு பார்க்கணும். மேலடுக்கை எடுத்து சோடியம் அயோடைடு அதிகமாச் சேர்த்தா பெராக்சைடு அதை ட்ரை அயோடைடா மாத்தும்; அதை 352 நானோமீட்டர்ல அளந்தா பெராக்சைடு கணக்கு வரும். கீழடுக்குத் துளி ஒண்ணு கூட வந்தாலும் மிச்சமிருக்கிற ஃபெரோசீன் அயோடினைத் தின்னுடும், அளவு குறைச்சுக் காட்டும். அமிலத்துல அயோடைடு காத்து பட்டும் மஞ்சளாகும். பெராக்சைடு இல்லாத வெற்று மாதிரி ஒண்ணு வச்சு உடனே அளங்க.

ரெண்டு ஃபெரோசீனியத்துக்கு ஒரு பெராக்சைடு கிடைச்சா ரெண்டு எலக்ட்ரான் பாதை. குறைஞ்சா உடனே "நாலு எலக்ட்ரான், தண்ணிதான்"னு எழுதிடாதீங்க. உருவான பெராக்சைடே பிறகு சிதைஞ்சிருக்கலாம். ஆர்கான்ல, தெரிஞ்ச அளவு பெராக்சைடை இதே கலவையோட அதே நேரம் குலுக்கி, எவ்வளவு மிஞ்சுதுன்னு பார்த்துட்டு முடிவு பண்ணுங்க.