ஐடிஐ போனால் இன்ஜினியர் ஆக முடியாதா? உசிலம்பட்டிக் கேள்விக்கு விளக்கம்

வணக்கம். இன்றைக்கு ஐந்து கேள்விகளுக்குப் பதில் சொல்வதாக இருந்தேன். ஒன்றைத்தான் சொல்லப்போகிறேன். மற்ற நால்வரும் பொறுத்துக்கொள்ள வேண்டும். இந்தக் கேள்வியில் வருகிற ஒரு சொல் மூன்று நாளாக என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து ஓர் அம்மா எழுதியிருக்கிறார்: "ஐயா, என் தம்பி பத்தாம் வகுப்பில் 500-க்கு 212 வாங்கியிருக்கிறான். பிளஸ் ஒன்னில் கணக்குப் பிரிவு கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். ஐடிஐயில் சேர்க்கச் சொல்கிறார்கள். அங்கே போனால் அவன் இன்ஜினியர் ஆகவே முடியாதா? பின்வாசல் வழியாகவாவது ஒரு டிகிரி வாங்க வழியுண்டா?"

பின்வாசல். அந்தச் சொல்தான். கல்லூரி அலுவலகத்தில் சேர்க்கைக் கோப்புகளோடு முப்பது வருடம் உட்கார்ந்து எழுந்தவன் நான். அங்கே பின்வாசல் என்றால் என்ன அர்த்தம் தெரியுமா? மஞ்சள் பையில் பணத்தைச் சுற்றிக்கொண்டு, தரகரோடு சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் வருவது. உங்கள் தம்பி போகப்போகிற வழி அரசாங்கமே விளம்பரம் கொடுத்து, விண்ணப்பம் வாங்கி, தரவரிசை போட்டுக் கூப்பிடுகிற வழி. அதற்கு எதற்கு அம்மா இந்தப் பெயர்?

பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆகலாம். பத்தாம் வகுப்பு முடித்து ஐடிஐயில் இரண்டு வருடப் பிரிவு ஒன்றைப் படித்தவர், அதற்குப் பொருந்துகிற பாடத்தில் பாலிடெக்னிக்கின் இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம். அங்கே டிப்ளமோ முடித்தவர் பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம். அதற்கான கலந்தாய்வைக் காரைக்குடி அழகப்ப செட்டியார் அரசுப் பொறியியல் கல்லூரி பல ஆண்டுகளாக நடத்திவருகிறது. பிளஸ் டூவில் கணக்குப் படித்த பி.எஸ்சி. பட்டதாரிகளும் அதே வரிசையில் நிற்கலாம். இது பலருக்குத் தெரியாது.

இனி செக்கானூரணிக் கணக்கு. பழைய நேயர்கள் காதைப் பொத்திக்கொள்ளுங்கள். சிறுவயதில் ஒருமுறை ஆரப்பாளையத்தில் தேனி பஸ்ஸைத் தவறவிட்டேன். அப்பா கவலையே படவில்லை. செக்கானூரணி வரை ஒரு பஸ், அங்கே இறங்கி உசிலம்பட்டிக்கு ஒன்று, அங்கிருந்து தேனிக்கு ஒன்று. மூன்று டிக்கெட், நடுவில் ஒரு பனங்கிழங்குக் கட்டு. கல்யாண வீட்டுக்கு முக்கால் மணி நேரம் தாமதமாகப் போனோம். பந்தியில் எங்களுக்கும் இலை போட்டார்கள். எத்தனை பஸ் மாறி வந்தீர்கள் என்று யாரும் கேட்கவில்லை.

இதை உங்கள் தம்பிக்குப் போட்டுப் பாருங்கள். பத்தாம் வகுப்புக்குப் பிறகு பிளஸ் டூ 2 வருடம், பி.இ. 4 வருடம், ஆக 6. ஐடிஐ 2, டிப்ளமோவில் மீதி 2, பி.இ.யில் மீதி 3, ஆக 7. ஒரே ஒரு வருடம்தான் வித்தியாசம். அந்த ஒரு வருடத்துக்காகவா வீட்டில் இழவு விழுந்ததுபோல உட்கார்ந்திருக்கிறீர்கள்?

இன்னொன்றும் இருக்கிறது. எல்லாப் பாடத்திலும் தேறியிருக்கிறான் என்றால் நேராகப் பாலிடெக்னிக் முதலாம் ஆண்டுக்கே விண்ணப்பிக்கலாம். மூன்றும் மூன்றும் ஆறு. பிளஸ் டூ வழியாகப் போகிறவனோடு ஒரே வருடத்தில் பட்டம் வாங்குவான். மதுரையிலேயே அரசுத் தமிழ்நாடு பாலிடெக்னிக் இருக்கிறது. 212-க்கு அங்கே கேட்ட பிரிவு கிடைக்குமா என்பது அந்த வருடத்துக் கூட்டத்தைப் பொறுத்தது. அதனால் அங்கே ஒரு விண்ணப்பம், கோ.புதூர் அரசு ஐடிஐக்கு ஒரு விண்ணப்பம், இரண்டையும் போட்டு வையுங்கள்.

ஆனால் பஸ் மாறுகிறவன் ஒரு விஷயத்தில் கவனமாக இருக்க வேண்டும். ஏறும்போதே அடுத்த பஸ் எங்கே நிற்கும் என்று தெரிந்திருக்க வேண்டும். செக்கானூரணியில் தெரியாமல் திருமங்கலம் பஸ்ஸில் ஏறிவிட்டால் தேனி வராது. ஐடிஐயில் வெல்டர் பிரிவு ஒரே வருடம். வேலைக்கு அருமையான பிரிவு, நான் குறை சொல்லவில்லை. ஆனால் நான் சொன்ன பாதைக்கு இரண்டு வருடப் பிரிவு வேண்டும். ஃபிட்டர், எலக்ட்ரீஷியன் போல. விண்ணப்பத்தில் விருப்ப வரிசையை நிரப்பும்போது கணினி மையத்துப் பையன் கைக்கு வந்ததைத் தட்டிவிடுவான். பக்கத்தில் நின்று பாருங்கள்.

தவறான பஸ்ஸுக்கு இன்னொரு உதாரணம் சொல்கிறேன். ஒரு நாள் எங்கள் அலுவலகத்துக்கு நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் வந்தார். பத்தாம் வகுப்போடு மில் வேலைக்குப் போனவர். திறந்தநிலைக் கல்வி என்ற பெயரில் பிளஸ் டூ இல்லாமலே பட்டம் கொடுத்த காலம் அது. ராத்திரி ஷிஃப்ட் முடித்துவிட்டு உட்கார்ந்து படித்து ஒரு பட்டம், அதற்கு மேல் ஒரு முதுகலை. அரசு வேலைக்குப் போட்டார். 2009-இல் வந்த 107-ஆம் எண் அரசாணை, பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ, பிறகு பட்டம் என்ற வரிசையில் வாங்கிய திறந்தநிலைப் பட்டங்களே அரசுப் பணிக்குச் செல்லும் என்று சொல்லிவிட்டது. சான்றிதழ்களை ஒவ்வொன்றாக மேசையில் அடுக்கினார். எல்லாவற்றுக்கும் தனித்தனி பிளாஸ்டிக் உறை. "சார், நான் ஏமாற்றிப் படிக்கவில்லையே" என்றார். ஏமாற்றவில்லைதான். என்னால் காபி வாங்கிக் கொடுக்க மட்டுமே முடிந்தது. சேர்க்கும்போது இதைப் பக்கத்தில் உட்கார்த்திச் சொல்ல அங்கே ஒருவரும் இல்லை என்பதில் எனக்கு இன்றும் கோபம்தான்.

அதனால் உங்கள் தம்பி ஐடிஐ படிக்கிறபோதே இன்னொரு வேலையையும் செய்யட்டும். பத்தாம் வகுப்புக்குப் பிறகு இரண்டு வருட ஐடிஐ முடித்தவர், தமிழ், ஆங்கில மொழித் தேர்வுகளை எழுதித் தேறினால் பிளஸ் டூவுக்கு இணையான சான்று வாங்க வழியிருக்கிறது. எழுதிவிடச் சொல்லுங்கள். அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து படித்தவன் என்றால் தமிழ்ப்புதல்வன் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் வரும், அதையும் விசாரியுங்கள்.

இத்தனையும் சேருவதற்கான வழி. என்னிடம் எல்லோரும் கேட்பது இதைத்தான். சேர்ந்த பிறகு என்ன ஆகும் என்று ஒருவராவது கேட்கிறீர்களா? நான் காத்திருக்கிற கேள்வி அதுதான்.

பேரையூர்ப் பக்கத்துப் பையன் ஒருவன், ஐடிஐ ஃபிட்டர், டிப்ளமோ, பிறகு எங்கள் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. இப்படி வருகிறவர்கள் நேராக மூன்றாம் பருவத்தில் உட்காருவார்கள். மற்றவர்கள் முதல் வருடம் முழுவதும் கணக்கில் ஊறி வந்திருப்பார்கள். முதல் உள்தேர்வில் கணக்கில் அவனுக்கு 11 மதிப்பெண். மாற்றுச் சான்றிதழைத் திருப்பிக் கொடுங்கள் என்று என் மேசைக்கு வந்துவிட்டான். நான் கொடுக்கவில்லை. மேலாளர் விடுப்பு, நாளைக்கு வா என்று பொய் சொன்னேன்.

மறுநாள் பணிமனைப் பக்கம் போனால் அவனைச் சுற்றி ஏழெட்டுப் பேர். இரும்புத் துண்டை அரத்தால் ராவி, மூலைமட்டத்தை அதன்மேல் வைத்து, ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிக் காட்டிக்கொண்டிருக்கிறான். "இந்தக் கீற்றில் வெளிச்சம் தெரிகிறதா? அது இருக்கிற வரைக்கும் இது செங்கோணம் இல்லை." பிளஸ் டூவில் கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கியவர்கள் வாயைப் பிளந்து பார்க்கிறார்கள். அவர்களில் இருவரைப் பிடித்து, இவனுக்குத் தினமும் ஒரு மணி நேரம் கணக்கு சொல்லிக்கொடுங்கள் என்றேன். முணுமுணுத்தார்கள், செய்தார்கள். அந்தத் தாளை அவன் இரண்டாவது தடவையில் தேறினான்.

ஆகவே அம்மா, ஐடிஐயில் சேர்ந்த அன்றைக்கே பிளஸ் ஒன் கணக்குப் புத்தகம் ஒன்றைப் பழைய விலைக்கு வாங்கிக் கொடுங்கள். முன்பு மீனாட்சியம்மன் கோயில் புதுமண்டபத்தில் கடை போட்டிருந்த புத்தகக் கடைக்காரர்களைக் கேட்டால் கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் போதும். நாலு வருடம் கழித்து மூன்றாம் பருவத்தில் உட்காரும்போது பயம் பாதி குறைந்திருக்கும்.

சமையலறையிலிருந்து குரல் வருகிறது, மறுபடியும் செக்கானூரணியா என்று. முடித்துவிடுகிறேன். ஒன்று மட்டும்: அந்த 212 மதிப்பெண் சான்றிதழை லேமினேட் செய்துவிடாதீர்கள். பின்பக்கம் முத்திரை வைக்க முடியாமல் நான் பட்ட பாடு போதும். சாதாரண உறையில் போட்டு வையுங்கள். மீதி நான்கு கேள்விகள் அடுத்த வாரம்.